ஆனைவெடியும் என் நெஞ்சிடிப்பும்

2022ஆம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்த கிழமை, இலங்கையின் வடக்கில் ஒட்டுசுட்டானுக்கு அப்பால் இருக்கும் எங்கள் வயலில் காலபோக நெல் பால் பிடித்து நின்ற நேரத்தில், நான் சாகப்போகிறேன் என்று முழு மனத்தோடு நம்பினேன். அதற்கு முந்திய இரவு ஆனைக் காவலுக்குப் போயிருந்தோம். விடியப்புறம் மூன்று மணிவரை காட்டோரத்தில் ஆனைவெடி போடுவதும் தேத்தண்ணீர் குடிப்பதுமாக இருந்துவிட்டுத் திரும்பியவன், ஒரு மணிநேரம்கூட ஒழுங்காகக் கண்ணயரவில்லை. மறுநாள் பகல் இரண்டு மணிபோல உரக்கடையில் விலை கேட்டுக்கொண்டு நின்றபோது திடீரென்று நெஞ்சு இறுகியது. இதயம் விலா எலும்பில் மோதுவதுபோல இடித்தது. விரல் நுனிகளும் உதடுகளும் விறைத்து ஊசி குத்தின. கடைக்காரர் பேசியது கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருந்தது. எனக்கு அப்போது வயது 36. என் தகப்பனார் இரண்டு வருடங்களுக்கு முன்னர்தான் மாரடைப்பில் இறந்திருந்தார். ஆகையால் இது என்னவென்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. கடைக்கார அண்ணர் என்னை ஓட்டோவில் ஏற்றிவிட்டார். போகும் வழி முழுவதும் பிள்ளைகளின் முகங்களையே நினைத்துக்கொண்டு போனேன்.

அரசாங்க மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள், இரத்தம் எடுத்து இதயத் தசைக்குச் சேதம் உண்டா என்று பார்த்தார்கள், ஒரு இரவு வைத்திருந்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. காலையில் வயிற்று எரிவுக்குக் குளிசை தந்து, "வாய்வாக இருக்கும் தம்பி, நேரத்துக்குச் சாப்பிடுங்கோ" என்று சொல்லி அனுப்பினார்கள். நாலாம் நாள் பஸ்ஸில் மாங்குளம் சந்தியைத் தாண்டும்போது அதே இடிப்பும் அதே விறைப்பும் மறுபடி வந்தன. நடு வழியில் இறங்கி, வீதியோரப் பாலை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பின்னால் நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு யாரும் நெஞ்சுவலியைப் பயம் என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காக ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் தடவை நான் மருத்துவமனைக்குப் போனது சரியான செயல். நெஞ்சில் பாரம் வைத்ததுபோல அழுத்தம் வந்தால், அது இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், உடல் குளிர்ந்து வியர்த்தால், நடக்கும்போது கூடி, ஓய்வெடுக்கும்போது தணிந்தால், ஆராய்ந்துகொண்டிருக்காமல் 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவைக்குக் காசு இல்லை. இதயத்தை ஒருமுறை முறையாகப் பரிசோதித்தே ஆக வேண்டும். என் பிழை, ஒருமுறை பரிசோதித்து இல்லை என்று சொல்லப்பட்டதை ஐந்து இடங்களில் மறுபடி மறுபடி தேடியது.

அந்தத் தேடலின் கணக்கை நான் நெல்லுக் கணக்கு எழுதும் கொப்பியிலேயே எழுதி வைத்திருக்கிறேன். வவுனியாவில் இரண்டு தடவை சனல் பண்ணி, அதாவது காசு கட்டி முன்பதிவு செய்து, இதய வைத்தியரைக் கண்டதற்கும் எக்கோ எடுத்ததற்கும் 31,000 ரூபா. யாழ்ப்பாணத்தில் ஓட வைத்து எடுக்கும் ஈ.சி.ஜி., தைரொயிட்டுப் பரிசோதனை, வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தது எல்லாமாக 58,000. எரிபொருளுக்குச் சனம் நாள்கணக்கில் வரிசையில் நின்ற அந்த வருட நடுப்பகுதியில், கறுப்புச் சந்தையில் டீசல் வாங்கிய வானில் கொழும்புக்குப் போய் இதயக் குழாய்களை ஸ்கான் செய்து வந்ததற்கு 195,000. மருந்துக்கடைக்கும் நேர்த்திகளுக்கும் 26,000. நான் வேலைக்கு இறங்காத நாட்களில் பிடித்த கூலி ஆட்களுக்கு 70,000. மொத்தம் மூன்று இலட்சத்து எண்பதாயிரம். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, பயிர் மஞ்சளித்து நின்று, ஏற்கெனவே கடனில் இருந்த வீடு எங்களுடையது. மனைவியின் காப்புகள் இரண்டும் ஈட்டுக்குப் போயின, ஒன்று அறுதியாகிப்போனது. அதை அவள் இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியதில்லை என்பதே எனக்குக் கூடுதலாக வலிக்கிறது.

ஒவ்வொரு அறிக்கையும் நல்லதாக வரும்போது நான் ஆறுதல் அடைந்தது ஒரு நாள், கூடினால் இரண்டு நாள். பிறகு, இவர்கள் எதையோ தவறவிட்டுவிட்டார்கள் என்ற எண்ணம் தொடங்கும். படுக்கையில் நாடியைப் பிடித்து எண்ணுவேன். எண்ண எண்ண அது கூடும். தனியாக வயலுக்குப் போவதை விட்டேன், பிறகு பஸ்ஸை விட்டேன், பிறகு கோயில் திருவிழாவை விட்டேன். அம்மா வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்து என் கையில் நூல் கட்டினார். அந்த நூலைக் கட்டும்போது அவருடைய கை என் கையைப் பிடித்திருந்த நேரம் அந்த வருடத்திலேயே எனக்குக் கிடைத்த நிம்மதியான நேரங்களில் ஒன்று. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நோயின் பெயர் தெரியாததால் பயம் மட்டும் திரும்பி வந்துகொண்டிருந்தது.

இந்தக் காலத்தில் நான் செய்த இரண்டு காரியங்களை மற்றவர்கள் தவிர்க்க வேண்டும். ஒன்று, ஒரு மருந்துக்கடையில் வைத்தியரின் துண்டு இல்லாமல் நித்திரைக் குளிசை வாங்கி நான்கு மாதம் தொடர்ந்து போட்டது. முதல் கிழமை அது தெய்வம்போல வேலை செய்தது. மூன்றாம் மாதம் ஒன்று போதாமல் இரண்டு தேவைப்பட்டது. கார்த்திகையில் கோபத்தோடு ஒரே நாளில் நிறுத்தியபோது மூன்று இரவுகள் உடம்பு முழுவதும் உதறி, முன்னெப்போதும் இல்லாத அளவுக்குப் பயம் வந்தது. அந்த வகைக் குளிசைகளுக்கு உடம்பு பழகிவிடும் என்பதையும், பழகியபின் வைத்தியரின் மேற்பார்வையில் சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும் என்பதையும் நான் பிறகுதான் அறிந்தேன். மற்றது சாராயம். குடித்த இரவில் நெஞ்சு அடங்கும். விடியப்புறம் நான்கு மணிக்கு, வெறி இறங்கும் நேரத்தில், இடிப்பு இரட்டிப்பாகத் திரும்பும்.

இவற்றைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. ஐந்து வைத்தியர்களிடமும் நெஞ்சைப் பற்றி மட்டுமே பேசினேன். எனக்கு நித்திரை இல்லை என்றோ, கதவு அடிபட்டால் துள்ளி எழுகிறேன் என்றோ, வீட்டில் எல்லோர்மீதும் எரிந்து விழுகிறேன் என்றோ ஒருவரிடமும் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை, ஆனால் நான் வாய் திறந்திருந்தால் கேட்டிருப்பார்கள். சொல்லாததற்குக் காரணம் வெட்கம். அந்த வெட்கத்தின் நடுவில் இருந்தது என் மகனுக்கு நான் செய்த காரியம். அப்போது அவனுக்கு ஒன்பது வயது. ஒரு பின்னேரம் பாண் பையை ஊதி, விளையாட்டாக என் முதுகுக்குப் பின்னால் நின்று அடித்து வெடிக்க வைத்தான். நான் திரும்பியதும் என் கை அவன் கன்னத்தில் இறங்கியதும் ஒன்றாகவே நடந்தன. யார் நிற்பது என்று தெரிவதற்கு முன்னமே கை போய்விட்டது. அவனுடைய உதடு பல்லில் வெட்டுப்பட்டு இரத்தம் வந்தது. அவன் அழவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். நாடகம் பார்த்தவனைப்போல நானும் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

2023 பங்குனியில், மற்றொரு தாக்கத்தோடு அரசாங்க மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவில் இருந்தபோது, பிரஷர் அளந்த தாதி ஒருவர் என் கொப்பியில் இருந்த அறிக்கைகளைப் புரட்டிவிட்டு, "ஐயா, நித்திரை எப்படி?" என்று கேட்டார். பதினான்கு மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. நான் பதில் சொல்லத் தொடங்கி அழுதுவிட்டேன். அவர்தான் என்னை அதே கட்டடத்தில் இருந்த மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். பத்துத் தடவை நான் அந்தக் கதவைத் தாண்டிப் போயிருக்கிறேன். அங்கே இருந்த வைத்தியர், என்னைவிட வயது குறைந்த பெண், முக்கால் மணிநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "இது பீதித் தாக்கம். உங்கட இதயத்துக்கு ஒண்டும் இல்லை. உங்களுக்கு ஒண்டும் இல்லை எண்டு நான் சொல்லேல்லை." அந்தக் கடைசி வசனத்துக்காகத்தான் நான் அத்தனை இடமும் அலைந்திருக்கிறேன் என்று அப்போது விளங்கியது.

அவர் ஒரு தாளில் படம் கீறிக் காட்டியவற்றில் பாதி நான் உயர்தரத்தில் உயிரியலில் படித்தவைதான். மூளையின் அடியில் இருக்கும் பரிவகக்கீழ், அதன் கீழே தொங்கும் கபச்சுரப்பி, அதிரீனற் சுரப்பி என்று பரீட்சைக்காகப் பாடமாக்கிய சொற்கள் என் உடம்புக்குள் நடக்கும்போது எனக்கு அடையாளம் தெரியவில்லை. மூளையின் இரு பக்கங்களிலும், காதுகளுக்கு உட்பக்கமாக ஆழத்தில், வாதாம்பருப்பு வடிவில் அமிக்டலா என்ற பகுதி உண்டு. சத்தமொன்று விழுந்ததும் அச்செய்தி, அது என்ன சத்தம் என்று ஆராயும் மூளையின் மேற்பட்டைக்குப் போகும். அதே வேளையில் குறுக்கு வழியொன்றால் அமிக்டலாவுக்கும் போய்விடும். எலிகளில் இந்தக் குறுக்கு வழியைத் தடம்பிடித்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் ஜோசப் லெடூ என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர். ஆராய்ந்து முடிவதற்கு முன்னரே அபாயமணி அடித்துவிடுவதால், பயம் முதலில் உடம்பில் வருகிறது; காரணம் பிறகுதான் மனத்துக்குத் தெரிகிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம்மவர்கள் சொன்னதன் உள்வேலை இதுதான்.

மணி அடித்தவுடன் பரிவகக்கீழ், உடம்பை முடுக்கிவிடும் பரிவு நரம்புகளைத் தூண்ட, சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அதிரீனற் சுரப்பிகள் சில செக்கன்களில் அதிரீனலினை இரத்தத்தில் விடுகின்றன. இதயம் வேகம் எடுக்கிறது. ஈரல் வெல்லத்தை வெளியே தள்ளுகிறது. குடலுக்கும் தோலுக்கும் போகும் இரத்தம் குறைந்து கைகால் தசைகளுக்குப் போகிறது. அதனால்தான் வயிறு கலக்குகிறது, கை குளிர்கிறது. எச்சில் குறைந்து நாக்கு வறள்கிறது. எதிர்த்து நிற்கவோ ஓடவோ உடம்பு தயாராகும் இந்த நிலையை வோல்ட்டர் கனன் என்ற உடற்றொழிலியலாளர் 1915இல் விரிவாக எழுதினார். இதற்குப் பின்னால் மெதுவான வழியொன்றும் ஓடுகிறது: பரிவகக்கீழிலிருந்து கபச்சுரப்பிக்கும், அங்கிருந்து இரத்தம் வழியாக அதிரீனற் சுரப்பியின் மேற்பட்டைக்கும் செய்தி போய்க் கோட்டிசோல் என்ற ஓமோன் சுரக்கிறது. அது உச்சத்துக்கு வர இருபது முப்பது நிமிடமாகும். இறங்க அதைவிட நேரமாகும். ஒருமுறை வந்து போனால் நல்ல வேலைக்காரன். கடனும் கண்விழிப்பும் சேர்ந்து நாள்தோறும் அதை வரவழைத்தால் நித்திரை கெடும், சமிபாடு கெடும், பிரஷர் கூடும், தடிமன் காய்ச்சல் லேசில் மாறாது. 2021 முழுவதும் எனக்கு இருந்தவை இவையே.

அப்படியானால் வெடி போட்ட இரவில் வராமல் மறுநாள் உரக்கடையில் ஏன் வந்தது என்று கேட்டேன். இரவு முழுவதும் மணி அடித்துக் களைத்த உடம்பு, நித்திரையில்லாத மூளை, ஏழெட்டுக் கோப்பைத் தேத்தண்ணீர், அத்தோடு கடன் விலை கேட்கும் மனம். அந்த நிலையில் இதயம் ஒருமுறை சற்று வேகமாக அடித்தது. தகப்பனாரை நினைத்துக்கொண்டிருந்தவன் அதை மாரடைப்பு என்று எடுத்துக்கொண்டேன். அந்த எண்ணமே அமிக்டலாவுக்குப் புதிய அபாயம், அது மேலும் அதிரீனலினைக் கூப்பிட்டது, மூச்சு வேகமானது. வேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்து, விரலும் உதடும் விறைக்கும், மூளைக்குப் போகும் குழாய்கள் சுருங்கித் தலை கிறுகிறுக்கும். அந்த விறைப்பைக் கண்டு இன்னும் பயந்தேன். வட்டம் பூட்டிக்கொண்டது. இப்படிப்பட்ட தாக்கம் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்கு வந்து, அரைமணிக்குள் தானாக இறங்கிவிடும் என்று அவர் சொன்னதை மட்டும் 2022 தையில் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால், மனைவியின் காப்பு இன்று கையில் இருந்திருக்கும்.

பிறகு அவர் ஆனைவெடியைப் பற்றிக் கேட்டார். அதன் சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். ஈர மண்ணில் கரிமருந்து மணக்கும் மணத்தைப் பற்றியும் சொன்னேன். அதற்கு மேல் அவர் கேட்க வேண்டியிருக்கவில்லை. போர் முடிந்த 2009 மே மாதம்வரை மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பதுங்குகுழிக்குள் கிடந்தவன் நான். சத்தம் கேட்டால் நினைக்க முன்னம் விழு என்பதை அந்த மாதங்களில் என் உடம்பு படித்தது. அதைப் படிக்காதவர்கள் சிலர் என்னோடு வரவில்லை. மணம் மூளைக்குள் போகும் பாதை மற்றப் புலன்களின் பாதையைவிடக் குறுகியது, அமிக்டலாவுக்கு மிக அருகில் முடிவது என்று வைத்தியர் விளக்கினார். மெனிக் பாம் அகதி முகாமிலிருந்து ஊருக்கு வந்து நெல் விதைத்து, கலியாணம் முடித்து, பிள்ளைகள் பிறந்த பிறகும் ஒவ்வொரு காவல் இரவிலும் என் உடம்பு அந்தக் குழிக்குள் போய்வந்திருக்கிறது. எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று எண்ணியிருந்தேன். அன்று என்னை உயிரோடு கொண்டுவந்த பழக்கம்தான் இன்று என்னை உரக்கடையில் விழுத்தியது என்று அறிந்தபோது, பல மாதமாக என் உடம்பின்மேல் இருந்த வெறுப்பு அந்தக் கதிரையிலேயே குறையத் தொடங்கியது.

வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1884இல், நாம் பயப்படுவதால் நடுங்குவதில்லை, நடுங்குவதை உணர்வதே பயம் என்று வாதிட்டார். அது முழுதாகச் சரியல்ல என்று பின்வந்தவர்கள் திருத்தியிருக்கிறார்கள். ஆனால் தமிழனுக்கு அது அந்நியமான எண்ணமும் அல்ல. ஈரக்குலை நடுங்கியது, வயிற்றில் புளி கரைத்தது, மயிர் கூச்செறிந்தது என்றுதான் பயத்தைச் சொல்கிறோம். பழைய இலக்கணம் உணர்ச்சிக்கு வைத்த பெயர் மெய்ப்பாடு, மெய்யில் படுவது. தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் அச்சமும் உண்டு, வெகுளி எனும் சினமும் உண்டு.

வெகுளியைப் பற்றி, அதாவது என் மகனைப் பற்றி, மூன்றாம் தடவை போனபோதுதான் வைத்தியரிடம் சொல்ல முடிந்தது. பயத்தையும் சினத்தையும் உடம்பு ஏறக்குறைய ஒரே அடுப்பில்தான் சமைக்கிறது. பூனையின் பரிவகக்கீழில் மெல்லிய மின்னோட்டம் பாய்ச்சினால் அது சீறி, மயிர் சிலிர்த்து, எதிரில் இருப்பதைத் தாக்கும் என்று காட்டிய சுவிற்சர்லாந்து விஞ்ஞானி வோல்ட்டர் ஹெஸ் 1949இல் நோபல் பரிசு பெற்றார். மனிதனுக்கு நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதி இதற்குத் தடை பிடிக்கிறது. நித்திரையின்மையும் குடியும் அந்தத் தடையைத் தளர்த்துகின்றன. இது விளக்கம், மன்னிப்பு அல்ல. மன்னிப்பை மகனிடம்தான் கேட்க வேண்டியிருந்தது, கேட்டேன். அதோடு வீட்டில் ஓர் ஒழுங்கு செய்தோம்: பல் கடிபட்டுக் காது சூடாவதை நான் உணர்ந்த உடனே, யாருக்கும் பதில் சொல்லாமல் கிணற்றடிக்குப் போய்விடுவேன், அரைமணிக்கு முன்னர் யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது. சமாதானம் பேசுவதானாலும் உடம்பு இறங்கிய பிறகுதான் பேச வேண்டும்.

வைத்தியத்தில் புதுமை ஒன்றும் இல்லை. தினமும் போடும் குளிசை ஒன்று தந்தார்கள். அது பிடிபட மூன்று கிழமை எடுத்தது, முதல் கிழமை படபடப்பு சற்றுக் கூடியது. அதை முன்கூட்டியே சொல்லியிராவிட்டால் நான் எறிந்திருப்பேன். ஒரு வருடம் போட்டு, அவர்கள் சொன்னபடி குறைத்து நிறுத்தினேன். கிளினிக்கும் மருந்தும் இலவசம். எனக்குப் போனது பஸ் காசு மட்டுமே. உளவளத்துணையாளர் மூச்சுப் பயிற்சி சொல்லித் தந்தார்: நான்கு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. மூச்சை வெளிவிடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகசு நரம்பு இதயத்தை மெதுவாக்குவதால் வெளிமூச்சு நீளமாக இருக்க வேண்டும். தாக்கம் வரும்போது மட்டும் செய்தால் கைகொடுக்காது; சும்மா இருக்கும் நேரத்தில் காலையும் மாலையும் பத்து நிமிடம் செய்து பழக வேண்டும். கடதாசிப் பைக்குள் மூச்சுவிடும்படி சிலர் சொல்வார்கள், செய்ய வேண்டாம். வந்திருப்பது ஆஸ்மாவோ இதய நோயோ என்றால் அது ஆபத்து. நெல்லுக் கொப்பியின் பின்பக்கத்தில் ஒவ்வொரு தாக்கத்துக்கும் நேரம், முந்திய இரவின் நித்திரை, குடித்தது, கேட்ட சத்தம், நீடித்த நிமிடம் ஆகியவற்றை எழுதினேன். இரண்டு மாதத்தில் வைத்தியருக்குக் காட்ட அதைவிட நல்ல அறிக்கை எந்த மெசினும் தந்திருக்காது.

கடினமானது வெடியோடு பழகியதுதான். முதலில் போனில் பதிந்த சத்தத்தைப் பகலில் மெல்லமாகக் கேட்டேன். பிறகு கூட்டிக் கேட்டேன். பிறகு காவலுக்குப் போய்த் தூரத்தில் நின்றேன். கடைசியில் நானே கொளுத்தினேன். ஒவ்வொரு படியிலும் ஓடிவிடாமல், இடிப்பு தானாக இறங்கும்வரை நிற்க வேண்டும். நடுவில் ஓடினால் உடம்பு ஓடியதால்தான் தப்பினோம் என்று எடுத்துக்கொள்ளும். பழைய பாடம் இதனால் அழிவதில்லை, அதன்மேல் புதிய பாடம் ஒன்று எழுதப்படுகிறது. இடம் மாறினால் பழையது எட்டிப் பார்க்கும்: 2024இல் வவுனியாவில் ஒரு கோயில் திருவிழாவில் சீனவெடி தொடங்கியபோது எனக்கு முழுத் தாக்கம் வந்தது. ஆனால் இது எத்தனை நிமிடம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. மதிலோரம் இருந்து எண்ணினேன், பதினெட்டு நிமிடம். கிளினிக்குக்குப் போக மனம் வராதவர்கள் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்தாவது பேசத் தொடங்கலாம்.

கடந்த காலபோகத்திலும் ஆனைகள் வந்தன. பக்கத்துக் காணி அண்ணருடன் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது: வெடி கொளுத்துமுன் அவர் இரண்டு தடவை ரோர்ச் அடிப்பார், நான் பதிலுக்கு ஒருதடவை அடிப்பேன், அதற்குப் பிறகே கொளுத்துவார். முன்னறிவித்த சத்தம் உடம்பை அவ்வளவு தூக்கிப் போடுவதில்லை. மகனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. வெளியில் தேங்காய் உடைப்பதென்றாலும், தகரத்தில் ஆணி அடிப்பதென்றாலும், முதலில் கதவடிக்கு வந்து, "அப்பா, சத்தம் வரப்போகுது" என்று சொல்வான். நான் "சரி" என்று சொல்லும்வரை சுத்தியலைத் தூக்காமல் நிற்பான்.